ஒரு மாணவி, ஓர் ஆசிரியை: வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளியின் பதிவேடு

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளி என்றால் பலருக்கும் ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். 1960இல் நீதிமன்ற ஆணைப்படி, வெள்ளையர் மட்டுமே படித்த அந்தப் பள்ளிக்கு வரும், வெள்ளைக் கவுன் அணிந்த ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி. அவளுக்கு முன்னும் பின்னும் நான்கு கூட்டாட்சி மார்ஷல்கள், அதாவது மத்திய அரசின் காவல் அதிகாரிகள். 1964இல் ஓர் இதழில் வெளியான ஓவியம் அந்தக் காட்சியை நிரந்தரமாக்கிவிட்டது. சிறுமி ரூபி பிரிட்ஜஸின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. மார்ஷல்களுக்குத் தோளுக்கு மேல் எதுவும் இல்லை. பின்னால் சுவரில் வசைச்சொல், வீசப்பட்ட தக்காளியின் சிவப்பு.

அந்தப் படத்தில் ஆசிரியர் இல்லை. நீதிமன்ற ஆணையிலும் இல்லை. எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்று வரி வரியாக வழக்காடி முடித்தார்கள். அந்தப் பிள்ளைக்கு யார் பாடம் நடத்துவது என்பதை யாருமே எழுதி வைக்கவில்லை. இந்தப் பள்ளியின் கதையை மாணவர் பதிவேட்டையும் ஆசிரியர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஊர்வலமும் கூச்சலும் மறைத்துவிட்ட வேறொரு கதை தெரிகிறது.

பள்ளியைத் தேர்ந்தெடுத்த விதம்

வெள்ளையருக்குத் தனிப் பள்ளி, கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி என்ற ஏற்பாடு சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்பளித்தது. ரூபி பிறந்ததும் அதே ஆண்டு செப்டம்பரில். தீர்ப்பும் குழந்தையும் ஒரே வயதில் வளர்ந்தன என்று சொல்லலாம். ஆனால் குழந்தை பள்ளி வயதை எட்டியபோதும் தீர்ப்பு நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.

நகரப் பள்ளிகளின் அன்றைய நிலை இது. அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளே பெரும்பான்மை. வெள்ளையர் குடும்பங்களில் கணிசமானவை கத்தோலிக்கத் திருச்சபைப் பள்ளிகளுக்குப் போயிருந்தன. கறுப்பினப் பள்ளிகளில் இடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று ஷிப்ட் முறையில் வகுப்பு நடந்தது. அதே நகரில் வெள்ளையர் பள்ளிகளில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. ரூபியின் வீட்டிலிருந்து ஃபிரான்ட்ஸ் பள்ளி சில தெருக்கள் தள்ளித்தான். ஆனால் அவள் மழலையர் வகுப்புக்குப் போனது சில மைல் தொலைவிலிருந்த கறுப்பினப் பள்ளிக்கு. பள்ளிகள் தனித்தனி, ஆனால் சமம் என்று சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவந்தது. தனி என்பது மட்டும் உண்மையாக இருந்தது.

வழக்கறிஞர் ஏ. பி. டூரோ 1952இல் தொடுத்த வழக்கு எட்டாண்டுகள் இழுத்தது. பள்ளி வாரியம் தானாக ஒரு திட்டமும் தராததால், கூட்டாட்சி நீதிபதி ஜே. ஸ்கெல்லி ரைட் 1960இல் தாமே ஒன்றை விதித்தார். முதலில் முதல் வகுப்பு, அதன்பின் ஆண்டுக்கு ஒரு வகுப்பு. செப்டம்பரில் தொடங்க வேண்டியது நவம்பருக்குத் தள்ளிப்போனது.

வாரியத்தின் சாமர்த்தியம் இங்கேதான். வெள்ளையர் பள்ளிக்கு மாற விண்ணப்பித்த கறுப்பினக் குழந்தைகள் 130-க்கும் மேல். தேர்வு வைத்து வடிகட்டி ஐந்தாறு பேரை மட்டும் தேறவிட்டார்கள். பெற்றோரில் சிலர் பின்வாங்க, கடைசியில் மிஞ்சியவர்கள் நான்கு சிறுமிகள். மூவர் மெக்டொனா 19 என்ற பள்ளிக்கு, ஒருத்தி மட்டும் ஃபிரான்ட்ஸுக்கு. இரண்டு பள்ளிகளுமே ஒன்பதாம் வார்டில், வெள்ளை உழைப்பாளர் குடும்பங்கள் வாழ்ந்த ஏழைப் பகுதியில் இருந்தன. வெள்ளையருக்கென்று கட்டப்பட்ட ஃபுளோரிடா குடியிருப்பு ஃபிரான்ட்ஸுக்கு அருகில்தான். வசதியான பகுதியிலிருந்த லஷர், வில்சன் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் எங்கள் பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று முன்வந்திருந்தன. அவற்றை வாரியம் கண்டுகொள்ளவில்லை.

இதை நிர்வாகக் குளறுபடி என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. மாற்றத்தின் சுமையை யார் தலையில் ஏற்றுவது என்ற முடிவு அது. படித்தவர்களும் செல்வாக்குள்ளவர்களும் விருப்பத்தோடு கதவைத் திறந்து வைத்திருந்த இடத்தை விட்டுவிட்டு, வேலையும் வாடகை வீடும் ஒரு சொல்லில் பறிபோகக்கூடிய மக்கள் வாழ்ந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு, 1961 செப்டம்பரில், லஷரும் வில்சனும் திட்டத்தில் சேர்ந்தபோது பெரிய கலவரம் எதுவும் இல்லை. நகர நிர்வாகமும் காவல்துறையும் அப்போது முன்கூட்டியே தயாராயிருந்தன என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஓராண்டு இடைவெளிக்குள் ஃபிரான்ட்ஸ் பள்ளி ஏறக்குறைய காலியாகிப்போயிருந்தது.

ஐந்நூறிலிருந்து ஒன்றுக்கு

1960 நவம்பர் 14, திங்கட்கிழமை. அந்த நாளைப் பள்ளி விடுமுறையாக மாநில அரசு அறிவித்திருந்தது. நகர வாரியம் அதை மீறிப் பள்ளிகளைத் திறந்தது. வாசலில் கூடியிருந்த கும்பலைப் பார்த்த ரூபி, மார்டி கிரா திருவிழா போலிருக்கிறது என்று நினைத்தாளாம். அந்த ஊரில் தெருவோரம் மக்கள் கூடிக் கத்துவதென்றால் குழந்தைக்குத் தெரிந்தது திருவிழா ஒன்றுதான்.

முதல் நாள் முழுக்க அவள் தலைமையாசிரியர் அறையில், அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியே, வெள்ளைப் பெற்றோர் ஒவ்வொருவராக வந்து தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பள்ளி கண்ணெதிரே காலியானது.

போன பிள்ளைகள் எங்கே போனார்கள்? பதிவேட்டைப் படிப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே. பக்கத்து செயின்ட் பெர்னார்ட் மாவட்டம் அவர்களை வரவேற்றது. அங்கே செல்வாக்கோடு ஆண்ட லியாண்டர் பெரெஸ், இனக்கலப்புக்கு எதிராக மேடை மேடையாக முழங்கியவர். நவம்பர் 15 அன்று நகர அரங்கில் ஆயிரக்கணக்கானோர் கூடிய கூட்டத்தில் அவர் பேச்சு தெறித்தது. மறுநாள் தெருக்களில் கலவரம். அவசரமாக முளைத்த தனியார் பள்ளிகளுக்குச் சில பிள்ளைகள் போனார்கள். எங்கும் சேராமல் வீட்டிலேயே இருந்த பிள்ளைகளும் உண்டு.

எல்லாரும் போய்விடவில்லை. மெதடிஸ்ட் பாதிரியார் லாயிட் ஃபோர்மன் தன் ஐந்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கும்பலைத் தாண்டி வந்தார். டேசி கேப்ரியேல் என்ற தாயும் தினமும் மகளை அழைத்து வந்தார். பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து விட நகரத்துத் தன்னார்வலர்கள் சிலர் முன்வந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளைப் பிள்ளைகளின் வருகை மெல்ல ஏறியது. உடனே மிரட்டலும் ஏறியது. கார்களைத் துரத்தினார்கள், தொலைபேசியில் பயமுறுத்தினார்கள், பெற்றோர் வேலை பார்த்த இடங்களில் நெருக்கடி கொடுத்தார்கள். கேப்ரியேல் குடும்பத்தலைவர் நகராட்சி வேலையை விட்டார். அந்த மாதமே குடும்பம் ஊரைக் காலிசெய்து ரோட் ஐலண்டுக்குப் போனது. வருகை மறுபடி விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது.

மறுபக்கத்திலும் விலை கொடுத்தார்கள். ரூபியின் தந்தை ஏபன் பெட்ரோல் பங்க் வேலையை இழந்தார். மிசிசிப்பியில் குத்தகைக்குப் பயிரிட்டு வந்த தாத்தா பாட்டி நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

மெக்டொனா 19இல் இன்னும் மோசம். லியோனா டேட், கெயில் எட்டியன், டெஸ்ஸி பிரிவோஸ்ட் என்ற மூன்று சிறுமிகளைத் தவிர எல்லாரும் போய்விட்டார்கள். 1961 ஜனவரியில் ஒரு வெள்ளைக் குடும்பம் துணிந்து பிள்ளையை அனுப்பியது. சில நாட்களுக்குள் தந்தையின் வேலை போய், அவர்களும் ஊரை விட்டே போனார்கள்.

பட்டியலில் ஒரு பெயர்

இப்போது ஆசிரியர் பட்டியலுக்கு வருவோம். ஃபிரான்ட்ஸ் பள்ளியின் ஆசிரியர்களில் சிலர் விலகினார்கள், சிலர் கறுப்பினக் குழந்தைக்குப் பாடம் நடத்த மறுத்தார்கள். ஒப்புக்கொண்டவர் ஒருவரே. அவர் அந்த ஊர்க்காரர் அல்லர். பாஸ்டன் நகரைச் சேர்ந்த பார்பரா ஹென்றி, வெளிநாடுகளில் அமெரிக்க ராணுவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பணியாற்றியவர். இனம் கலந்த வகுப்புகள் அவருக்குப் புதிதல்ல. கணவரின் வேலை காரணமாக அப்போதுதான் நியூ ஆர்லியன்ஸுக்குக் குடிவந்திருந்தார். வேலைக்கு அழைப்பு வந்தபோது, இது இரு இனப் பிள்ளைகளும் படிக்கப்போகும் பள்ளியா என்று கேட்டார். அதனால் உங்களுக்கு ஏதாவது வித்தியாசம் உண்டா என்று பதிலுக்குக் கேட்டார்கள். இல்லை என்றார்.

எதேச்சையாக ஊருக்கு வந்த ஒருவர் அன்று வேலை தேடிக்கொண்டிருந்தார். நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத் தீர்ப்பு அந்தப் பள்ளியில் நடைமுறைக்கு வந்தது அதனால்தான். வேறு எந்த ஏற்பாடும் இருந்ததாகத் தெரியவில்லை. நகரில் அனுபவமுள்ள கறுப்பின ஆசிரியர்கள் ஏராளம். சம ஊதியத்துக்காக 1940களிலேயே வழக்காடி வென்றவர்கள். அவர்களில் ஒருவரைக்கூட ஃபிரான்ட்ஸுக்கு அனுப்பும் யோசனை திட்டத்தில் இல்லை. ஆறு வயதுப் பிள்ளையைக் கும்பலின் நடுவே நடக்கவிடலாம், ஆனால் வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கறுப்பின ஆசிரியை பாடம் நடத்துவதை நினைத்தும் பார்க்க முடியாது என்பதே அன்றைய கணக்கு.

நம் ஊரில் ஓராசிரியர் பள்ளி தெரியும். ஐந்து வகுப்புகளையும் ஒரே ஆள் மேய்க்கும் பாடு தெரியும். இங்கே அது தலைகீழ். மாடியில் ஒரு வகுப்பறை, வரிசையாகக் காலி மேசைகள், ஓர் ஆசிரியை, ஒரு மாணவி. ஹென்றி முன்னால் நின்று கரும்பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கவில்லை. ரூபியின் பக்கத்திலேயே அமர்ந்து பாடம் நடத்தினார். விளையாட்டு மைதானத்துக்குப் போக அனுமதி இல்லாததால் இருவரும் அறைக்குள்ளேயே குதித்து உடற்பயிற்சி செய்தார்கள். கழிப்பறைக்குப் போகவும் மார்ஷல் துணை வேண்டும். ஆண்டு முழுவதும் இருவரில் ஒருவரும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. ஒருவர் வராவிட்டால் மற்றவருக்குப் பள்ளியே இல்லை.

சாப்பாட்டு விஷயம் ஒன்று உண்டு. வாசலில் நின்ற பெண்ணொருத்தி விஷம் வைப்பேன் என்று தினமும் மிரட்டியதால், வீட்டிலிருந்து கொண்டுவரும் உணவை மட்டுமே ரூபி உண்ணலாம் என்று மார்ஷல்கள் சொல்லியிருந்தார்கள். உணவுக்கூடத்துக்குப் போகமுடியாமல் அவள் தனியாக அறையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கொஞ்ச நாளில் சாண்ட்விச்சை அலமாரிக்குள் ஒளித்து வைக்கவும், பாலைப் பசை டப்பாவில் ஊற்றவும் தொடங்கினாள். எலியும் பூச்சியும் வந்தபிறகே விஷயம் வெளிப்பட்டது. ஹென்றி திட்டவில்லை. அன்றிலிருந்து மதிய உணவு நேரத்தில் தானும் அவளோடு அமர்ந்து சாப்பிட ஆரம்பித்தார். எந்தப் பணி விதியிலும் இல்லாத வேலை இது.

ரூபிக்கு வேறொரு புதிர் இருந்தது. கட்டடத்தில் எங்கோ பிள்ளைகளின் குரல் கேட்கிறது, ஆளைக் காணோம். பேய்க் கதையில்லை. மிஞ்சியிருந்த வெள்ளைப் பிள்ளைகளை வேறு ஆசிரியரிடம், வேறு அறையில், ரூபியின் கண்ணில் படாமல் வைத்திருந்தார்கள். அதாவது நீதிமன்றம் ஒரே பள்ளிக்குள் சேர்த்துவைத்த பிள்ளைகளைத் தலைமையாசிரியர் அறைக்கணக்கில் மறுபடி பிரித்துவிட்டார். ஹென்றி விடாமல் வாதாடினார், மேலிடத்துக்குப் புகார் செய்வேன் என்று சொன்னார். வசந்தகாலம் நெருங்கியபோதுதான் சில பிள்ளைகள் ரூபியோடு கொஞ்சநேரம் இருக்க விடப்பட்டார்கள். அவர்களில் ஒரு சிறுவன், உன்னோடு விளையாடக் கூடாதென்று அம்மா சொன்னாள் என்று அவள் நிறத்தைச் சொல்லிக் காரணமும் சொன்னான். கும்பல் எதற்காகக் கத்துகிறது என்பது ரூபிக்குப் புரிந்தது அந்த நொடியில்தான். பிள்ளையிடம் கோபமில்லை, அவன் அம்மா சொன்னதைச் சொன்னான் என்று பின்னாளில் ரூபியே நினைவுகூர்ந்திருக்கிறார்.

மாநில அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். ஆளுநர் ஜிம்மி டேவிஸ் சட்டமன்றச் சிறப்புக் கூட்டங்களை அடுத்தடுத்து நடத்தி, பள்ளி வாரியத்தின் அதிகாரத்தைப் பறிக்கவும் பணத்தை முடக்கவும் முயன்றார். நீதிபதி ரைட் ஒவ்வொன்றுக்கும் தடை விதித்துக்கொண்டே இருந்தார். இடையில் மாட்டிக்கொண்டது ஆசிரியர்களின் சம்பளம்.

ஆண்டு முடிந்தது. அடுத்த ஆண்டுக்கு ஹென்றியை அழைக்கவில்லை. கருவுற்றிருந்த அவர் கணவரோடு பாஸ்டனுக்குத் திரும்பினார். ரூபி இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது மார்ஷல்கள் இல்லை, கும்பல் இல்லை, வகுப்பில் இருபது பிள்ளைகள்வரை இருந்தார்கள், கறுப்பினப் பிள்ளைகளும் இருந்தார்கள். முந்தைய ஆண்டு நடந்ததைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. ஹென்றியிடமிருந்து ஒட்டிக்கொண்ட பாஸ்டன் உச்சரிப்பைப் புதிய ஆசிரியை கேலிசெய்தார். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தவரை 1961தான் வெற்றி ஆண்டு. அந்தக் குழந்தையைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாள் என்பது வேறு.

மறுபடி ஒரே நிறம்

அதன்பின் நடந்தது சத்தமில்லாமல் நடந்தது. வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் போய்க்கொண்டே இருந்தன. திருச்சபைப் பள்ளிகள் ஒரு புகலிடமாக இருந்தன, ஆனால் பேராயர் ரம்மல் 1962இல் அவற்றிலும் பிரிவினையை நீக்கினார், எதிர்த்த பெரெஸைச் சபையிலிருந்தே விலக்கினார். அந்தக் கதவு அடைபட்டதும் புறநகர்ப் பாதை இன்னும் அகலமானது. 2005 வாக்கில் நகர அரசுப் பள்ளிகளின் சுமார் 65,000 மாணவர்களில் 94 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். ஃபிரான்ட்ஸும் அப்படித்தான். 1960இல் ஒரேயொரு கறுப்பினச் சிறுமியால் காலியான பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியாகவே மாறியிருந்தது.

1993இல் ரூபியின் தம்பி சுட்டுக் கொல்லப்பட்டார். தம்பியின் மகள்களை ரூபி கவனித்துக்கொண்டார். அந்தப் பிள்ளைகள் படித்தது ஃபிரான்ட்ஸில். அவர்களைக் கொண்டுபோய் விடப்போனவர், பெற்றோருக்கும் பள்ளிக்கும் பாலமாகத் தொண்டாற்றத் தொடங்கினார். தன்னை ஏற்க ஆசிரியர் கிடைக்காத பள்ளிக்கு, ஆள் பற்றாக்குறையை நிரப்பும் தன்னார்வலராகத் திரும்பி வந்தார்.

ஆசிரியர் பட்டியலும் 1960க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் மாறியிருந்தது. தென் மாநிலங்கள் பலவற்றில் பள்ளிகள் இணைந்தபோது முதலில் வேலையிழந்தவர்கள் கறுப்பின ஆசிரியர்கள். 17 மாநிலங்களில் 1954க்கும் 1965க்கும் இடையே சுமார் 38,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நியூ ஆர்லியன்ஸ் ஓரளவு வேறு பாதையில் போனது. 1972இல் கறுப்பின, வெள்ளை ஆசிரியர் சங்கங்கள் ஒன்றாகி ஒரே சங்கமாயின. 2005இல் நகர ஆசிரியர்களில் 71 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். பிள்ளைகளின் தெருவிலேயே குடியிருந்து, அவர்கள் தாய்க்கும் பாடம் நடத்திய ஆசிரியர்கள் அவர்களில் நிறைய.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அடித்தது. அணைக்கரைகள் உடைந்து ஒன்பதாம் வார்டு மூழ்கியது. ஃபிரான்ட்ஸ் கட்டடம் சிதைந்து பூட்டப்பட்டது. நவம்பரில் மாநிலச் சட்டமன்றம் சட்டமொன்று இயற்றி நகரின் நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளை, பின்தங்கிய பள்ளிகளை ஏற்று நடத்தும் மாநில அமைப்பான மீட்பு மாவட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. பள்ளி வாரியத்தின் ஊழியர்கள் சுமார் 7,500 பேர் மொத்தமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வீடிழந்து வேறு மாநிலத்தில் தஞ்சம் புகுந்திருந்த நேரத்தில் வேலையும் போனது. கீழமை நீதிமன்றங்களில் அவர்கள் வென்ற வழக்கு 2014இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. புதிதாக எழுந்த சார்ட்டர் பள்ளிகள், அதாவது அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் பள்ளிகள், தங்கள் ஆசிரியர்களைத் தாங்களே எடுத்தன. வெளியூர்களிலிருந்து வந்த, அனுபவம் குறைந்த, பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள் அவற்றில் நிறைந்தார்கள். 2014 வாக்கில் கறுப்பின ஆசிரியர் பங்கு 49 சதவீதமாகியிருந்தது. பிள்ளைகள் மட்டும் மாறவில்லை.

தேர்வு மதிப்பெண்கள் ஏறின என்பதைச் சீர்திருத்தத்தின் ஆதரவாளர்கள் சுட்டுகிறார்கள், அது பொய்யல்ல. ஆனால் 1960இல் தொலைந்த அதே கேள்விதான் 2005இலும் தொலைந்தது. பள்ளியின் எதிர்காலத்தைப் பற்றி முடிவெடுத்தவர்கள் கட்டடத்தைப் பற்றிப் பேசினார்கள், நிர்வாகத்தைப் பற்றிப் பேசினார்கள், மதிப்பெண்ணைப் பற்றிப் பேசினார்கள். இங்கே இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள் இனி எங்கே நடத்துவார்கள் என்பதற்கு அஞ்சலில் ஒரு பணிநீக்கக் கடிதம் மட்டும் போனது.

ஃபிரான்ட்ஸ் கட்டடம் இடிபடாமல் தப்பியது, அது தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறியிருந்தது. பழுதுபார்த்து 2013இல் அக்கிலி அகாடமி என்ற சார்ட்டர் பள்ளி அங்கே குடியேறியது. மறு ஆண்டு முற்றத்தில் ரூபியின் சிலை வைத்தார்கள். ஆறு வயது, கையில் புத்தகம். உள்ளே ஒரு வகுப்பறையை 1960இல் இருந்தபடி மீட்டமைத்து வைத்திருக்கிறார்கள். சுற்றியுள்ள மற்ற அறைகளில் வகுப்பு நடக்கிறது.